சுடுகாட்டுப் பாதைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

போன புரட்டாசியில் மதுரைக்கு வடக்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து நான்கு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அவர்கள் தெருவிலிருந்து சுடுகாடு முக்கால் கிலோமீட்டர். நேராகத் தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் அது மேலத்தெருவுக்குள் நுழைந்து போகிறது. இவர்கள் தெருப் பாடை அந்த வழியில் வரக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால் வயலில் இறங்கி, வரப்பில் நடந்து, கண்மாயின் மறுகால் ஓடையைக் கடந்து போகிறார்கள். கோடையில் சமாளித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் சாவு விழுந்தால் தூக்கிப் போகிறவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர்.

“அண்ணே, ஐகோர்ட்டுல ஒரு ரிட்டு போட்டா ஆர்டர் வாங்கிடலாம்ல?” என்று கேட்டார்கள்.

நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீலிடம் இருபது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன். கட்டுத் தூக்கி, வாய்தாத் தேதி குறித்து, ஒத்தக்கடை பக்கம் ஐகோர்ட் கிளை திறந்த 2004-இலிருந்து அந்த வளாகத்துக்கும் மேலூர் ரோட்டு டீக்கடைகளுக்கும் நடையாய் நடந்தவன். ஆர்டர் வாங்கிவிடலாம் என்றேன். ஆர்டர் வந்த மறுநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலத்தெரு வழியாகப் பாடையைத் தூக்க முடியுமா, கூட எந்த அதிகாரி வருவார் என்பதைத்தான் முதலில் யோசிக்கச் சொன்னேன்.

அன்று மாலை முழுக்கப் பேசினோம். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சாதி மட்டுமல்ல, பெண் என்பதற்காகவோ திருநர் என்பதற்காகவோ சம உரிமை மறுக்கப்பட்டாலும் நம் மாநிலத்தில் போக வேண்டிய இடங்கள் ஏறக்குறைய இவைதான். எதற்கு முதலில் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்டேஷன் வழி

முதலில் போலீஸ் புகார். இதைக் கேட்டதும் நால்வரின் முகமும் வாடிவிட்டது. ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சட்டப் புத்தகத்தில் இவர்களுக்கு இருக்கிற மிகப் பலமான ஆயுதம் இந்த வழியில்தான் இருக்கிறது.

தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவும், அதை ஒட்டி வந்த 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் எல்லோருக்கும் தெரியும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த திருத்தம் அவ்வளவாகத் தெரியாது. அதில் ஒரு உட்பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுச் சொத்தை, இடுகாடு சுடுகாட்டை, ஆற்றை, கிணற்றை, சாலையை, நடைபாதையை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தாலே குற்றம் என்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. முன்ஜாமீன் கிடையாது. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. அறுபது நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். சட்டத்தின் விதிகளில் உள்ள நிவாரணப் பட்டியலைப் பார்த்தால் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் குற்றத்துக்கு, மறுக்கப்பட்ட உரிமையை அரசே தன் செலவில் மீட்டுத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு லட்ச ரூபாயும் தர வேண்டும்.

“அப்ப கேஸ் குடுத்தாலே வழி போட்டுத் தரணுமா?” என்று ஒருவர் கேட்டார். விதிப்படி ஆமாம். நடப்பில், எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, “ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவோம்” என்பார்கள். சமாதானக் கூட்டம் நடக்கும். அதில் “பழக்கத்தை மாத்தணும்னா கொஞ்சம் டைம் ஆகும்ப்பா” என்று ஒரு பெரியவர் சொல்வார். அவர் சொல்கிற டைம் மூன்று தலைமுறை.

கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் முன்விசாரணையே தேவையில்லை என்று 2018-இல் தனிப் பிரிவு சேர்த்தார்கள். போடாவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் சிறப்பு நீதிமன்றத்தில் நேரடியாகவே முறையிடலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரி மீது, அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால், அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு பாயும். பாய்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வழியின் ஆபத்து இரண்டு. ஒன்று எதிர்வழக்கு. நீங்கள் புகார் கொடுத்த அன்றே நீங்கள் அரிவாளோடு வந்து மிரட்டியதாக எதிர்த்தரப்பும் ஒரு புகார் கொடுக்கும். நால்வரில் இருவர் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்கள் பெயரை மனுவில் போட வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். இரண்டாவது, சாட்சி. மேலத்தெரு வயலில் கூலிக்குப் போகிறவர் மூன்று வருடம் கழித்துக் கூண்டில் ஏறி என்ன சொல்வார் என்று யாரும் உறுதி தர முடியாது.

கிரிமினல் வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பவர்களுக்கு நான் வாச்சாத்தியைச் சொல்வேன். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடி மக்களின் கிராமம். சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களையே கைது செய்து சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். குற்றம் செய்தவர்கள் அரசு ஊழியர்கள் என்னும்போது உள்ளூர் ஸ்டேஷனில் என்ன நடந்திருக்கும்? பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். அது ஐகோர்ட்டுக்குத் திரும்பியது. 1995-இல் ஐகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டைக் கேட்ட நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்க உத்தரவிட்டார். அதே தேதி, பன்னிரண்டு வருடம் கழித்து. நடந்த கொடுமையிலிருந்து எண்ணினால் முப்பத்தொரு வருடம்.

இதை வெற்றி என்றுதான் சொல்வேன். ஆனால் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். வெறும் புகாரால் கிடைக்கவில்லை. ஐகோர்ட்டின் நெம்புகோல் வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, அந்தப் பெண்களை முப்பது வருடம் சாட்சியாக நிற்க வைத்த ஒரு அமைப்பு வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்திலேயே மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2019 நவம்பரில் அதில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

ரிட் வழி

சரி, இவர்கள் கேட்ட ரிட்டுக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவு. ஐகோர்ட் எந்த அதிகாரியைப் பார்த்தும் “உன் கடமையைச் செய்” என்று சொல்லலாம். வேகம் இதில்தான். காலையில் நீதிபதியிடம் அவசரத்தைச் சொல்லி அனுமதி வாங்கினால் அன்று மதியமே ‘லஞ்ச் மோஷன்’ என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. வீட்டில் பிணம் கிடக்கும்போது இதைவிட வேகமான கதவு வேறில்லை.

ஆனால் ரிட்டு போடுகிறவர்கள் பாதிப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அதிகாரிக்கு முன்னதாக மனுக் கொடுத்து, அவர் மறுத்தோ சும்மா இருந்தோதான் இங்கே வர வேண்டும். வந்தால் பல சமயம் கிடைக்கிற உத்தரவு என்ன தெரியுமா? “மனுதாரரின் மனுவைச் சட்டப்படி பரிசீலித்து, எட்டு வாரத்துக்குள் தகுந்த முடிவெடுக்க வேண்டும்.” அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. பரிசீலித்த தாசில்தார் எட்டாவது வாரம் “சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்படும்” என்று ஒரு வரி எழுதி நிராகரிக்கலாம். ஊரில் பட்டாசு வெடித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து அந்தக் காகிதத்தோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ரிட்டில் சாட்சி விசாரணை கிடையாது. எதிர்த்தரப்பு “இது பொதுப்பாதையே இல்லை, எங்கள் பட்டா நிலம்” என்று ஒரு காகிதத்தை நீட்டினால், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ரிட்டின் பலம் முழுக்க ஆவணத்தில்தான் இருக்கிறது. கிராம நிலங்களின் விவரம் உள்ள வருவாய்த்துறை ‘அ’ பதிவேட்டில் அந்தச் சாலை என்ன புறம்போக்கு என்று இருக்கிறது, புல வரைபடத்தில் பாதை வரைந்திருக்கிறதா, தார் போட்டது எந்த ஆண்டு எந்த ஊராட்சிப் பணத்தில் என்று மூன்று காகிதம் கையில் இருந்தால் நிலைமையே வேறு.

கேட்பதைச் சின்னதாகக் கேட்டவர்கள் இந்த வழியில் பெரிதாக ஜெயித்திருக்கிறார்கள். பிரித்திகா யாஷினி கேட்டது என்ன? சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கான விண்ணப்பத்தில் திருநங்கைக்கு இடமில்லை, என்னைத் தேர்வெழுத விடுங்கள் என்பதுதான். திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அது காகிதத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு இடைக்கால உத்தரவு வாங்கி நகர்ந்தார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017-இல் யூனிஃபார்ம் போட்டு வேலையில் சேர்ந்தார்.

தூத்துக்குடியில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் 2018-இல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். பதிவாளர் பதிவு செய்ய மறுத்தார். பதிவு செய்யச் சொல்லுங்கள் என்று மதுரைக் கிளைக்கு வந்தார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். அதோடு நிற்காமல், ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலோடு பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்கு அவர்கள் சம்மதம் இல்லாமல் செய்யும் அறுவை சிகிச்சைகளைத் தடை செய்யவும் அரசுக்கு உத்தரவிட்டார். சில மாதங்களில் அரசாணையும் வந்துவிட்டது. வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்கள், போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று மட்டும் கேட்ட வழக்கும் இப்படித்தான். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூனில் அவர் போட்ட உத்தரவு, பாலின ஈர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’ என்ற பெயரில் நடக்கும் கூத்துக்குத் தடை வரை போனது.

மூன்றிலும் ஒரு ஆள், ஒரு அதிகாரி, ஒரு வேலை. நான் வேலை செய்த வக்கீல் ஐயா அடிக்கடி கேட்பார்: “ஆர்டரை யாருய்யா நிறைவேத்தணும்? அந்த ஆளோட பதவிப் பேரை மனுவுல காட்டு.” ‘தமிழ்நாட்டில் தீண்டாமையை ஒழிக்க உத்தரவிட வேண்டும்’ என்று கேட்டால் பதவிப் பெயர் கிடையாது. ‘இன்ன சர்வே எண் பாதையில் பிண ஊர்வலம் போக இன்ன டி.எஸ்.பி. பாதுகாப்புத் தர வேண்டும்’ என்றால் உண்டு. அவர் செய்யாவிட்டால் அவமதிப்பு வழக்குப் போடலாம். அதற்கு ஒரு வருடம்தான் கெடு, மறந்துவிடக் கூடாது.

மற்ற இரண்டு கதவுகள்

சிவில் கோர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதை உண்மையிலேயே பட்டா நிலத்தில் போனால், இருபது வருடத்துக்கு மேல் பயன்படுத்திய வழிப்பாதை உரிமை என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடலாம். இவர்களால் முடியாது, ஏனென்றால் அந்த வழியில் பிணம் போனதே இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு அங்கே போய், உங்களைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை வாங்கிவிடக்கூடும். அதைத் தடுக்க, எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே ஒரு கேவியட் மனு போட்டு வைக்கலாம். 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். செலவு மிகக் குறைவு. இதைச் செய்யாமல் விட்டு அழுதவர்கள் ஏராளம்.

மனித உரிமை ஆணையம் சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதித் தபாலில் போடலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அது அரசு ஊழியர் செய்த மீறலையோ அலட்சியத்தையோதான் விசாரிக்கும். மேலத்தெருக்காரர் வழி மறித்தார் என்றால் அது அவர்கள் வேலை இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் புகாரை வாங்கவில்லை என்றால் உண்டு. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரை என்று அரசு ரொம்ப நாள் அலட்சியமாக இருந்தது. அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு 2021 பிப்ரவரியில் சொன்ன பிறகு கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. ஆக, ஒரு அதிகாரிக்கு அபராதம் விழ வைக்க நல்ல இடம். பாதை திறக்க அல்ல. எஸ்.சி., எஸ்.டி. ஆணையங்களும் ஆளை வரவழைத்து விசாரிக்கும். தடை உத்தரவு போடும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்த்துவிட்டது.

பொதுநல வழக்கு ஆசை

நால்வரில் ஒருவர் நிறைய வாசிக்கிறவர். அவருக்கு நம் ஊரோடு நிற்கக் கூடாது, மாநிலம் முழுக்க இருக்கிற சுடுகாட்டுப் பாதைகளுக்காகப் பொதுநல வழக்குப் போட வேண்டும், முடிந்தால் 32-ஆவது பிரிவில் நேராக உச்ச நீதிமன்றம் போக வேண்டும் என்று ஆசை. அரசியல் சாசனத்தின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்ன பிரிவு அது. ஆசையில் தவறில்லை. ஆனால் இன்று அங்கே போனால், முதலில் ஐகோர்ட்டுக்குப் போ என்று பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பொதுநல வழக்கில் கிடைக்கும் பலன் நாட்டுக்குக் கிடைக்கும், வழக்குக்குக் காரணமான ஆளுக்குக் கிடைக்காமல் போகலாம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய் 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானவர் பன்வாரி தேவி. அதை ஒட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997-இல் விசாகா தீர்ப்பு வந்தது. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறை வந்தது. அதுவே 2013-இல் சட்டமானது. இன்று எந்த அலுவலகத்திலும் ஒரு பெண் புகார்க் குழுவுக்குப் போக முடிகிறதென்றால் பன்வாரி தேவி காரணம். அவருடைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரணை நீதிமன்றம் 1995-இல் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது.

மலக்குழிச் சாவுகளும் அப்படித்தான். சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் அமைப்பு 2003-இல் போட்ட வழக்கில் 2014 மார்ச்சில் தீர்ப்பு: 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம். 2023 அக்டோபரில் இன்னொரு வழக்கில் அதை 30 லட்சமாக்கினார்கள். தொகை ஏறியது. மலக்குழியில் இறங்குவது நிற்கவில்லை. சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னார்கள். அடுத்த ஆண்டே சில கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டி இன்று எத்தனை பெண்களால் மலையேற முடிகிறது?

தோற்றால்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஒன்று ஜெயிப்போம், இல்லை இருக்கிற இடத்தில் இருப்போம் என்று நினைக்கிறோம். தோற்றால் இருக்கிற இடத்துக்கும் கீழே போக வேண்டியிருக்கும்.

1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அதுவரை அங்கே அனுமதிக்கப்படாத நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். மதுரைக் கோர்ட்டில் நாடார்கள் தோற்றார்கள். மேல்முறையீடு சென்னைக்குப் போனது, அங்கும் தோல்வி. அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை விடாமல் போனார்கள். 1908-இல் அங்கும் தோல்வி. அதுவரை கமுதியில் இருந்தது ஒரு வழக்கம். வழக்கத்தை மீறலாம், பேரம் பேசலாம். 1908-க்குப் பிறகு அதற்கு லண்டன் முத்திரை விழுந்துவிட்டது. நாடார்கள் அதன்பின் கோர்ட்டை நம்பி உட்காரவில்லை. 1910-இல் மகாஜன சங்கம் கண்டு, பள்ளிக்கூடம், கடை, வங்கி என்று வேறு பக்கம் வளர்ந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனவர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரோடு ஒரு நாடாரும் இருந்தார். அன்றைக்கு அதற்குச் சட்டம் இல்லை. நுழைந்த பிறகுதான் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு அவர்களைக் காப்பாற்றியது.

அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியது. அதை நம்பி வெளிப்படையாக வாழத் தொடங்கியவர்களை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் மறுபடி குற்றவாளி ஆக்கியது. 2018 செப்டம்பர் 6 வரை ஏறக்குறைய ஐந்து வருடம் அப்படியே இருந்தது. இதே வன்கொடுமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், புகார் வந்தால் முதலில் விசாரித்துப் பார், உடனே கைது செய்யாதே என்று அதன் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க பந்த். ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து பல்லை மறுபடி பொருத்தியது. நான் மேலே சொன்ன, முன்விசாரணை தேவையில்லை என்ற பிரிவு அப்படி வந்ததுதான். கோர்ட்டு எடுத்ததைத் தெரு மீட்டுக் கொடுத்தது.

தெரு என்றதும் நினைவுக்கு வருவது எங்கள் மாவட்டத்து உத்தப்புரம். 1989-இல் கட்டிய சுவர் ஊரையே இரண்டாகப் பிரித்து நின்றது. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகமே அதில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராடியதாலும், கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் மறுநாள் வரப்போகிறார் என்ற நெருக்கடியாலும் நடந்தது அது. அதிகாரி அசைவதற்குக் கோர்ட் மட்டும்தான் காரணம் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் உத்தப்புரத்தில் சுவர் இடிந்தபின் வந்த பதற்றம் சாதாரணமானதல்ல. அறுபது வீடு உள்ள ஒரு தெரு, பின்னால் பெரிய அமைப்பு இல்லாமல் அந்த வழியில் இறங்கினால் அடி அவர்களுக்குத்தான்.

புதுச் சட்டம் கேட்பது இவர்களுக்கு வேண்டியதில்லை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பங்கும் பணமும் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்குப் புதுச் சட்டம்தான் வழி. பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு இங்கே 1989-இல் சட்டமன்றம் கொடுத்தது. அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடும் 2009-இல் சட்டமன்றத்தில்தான் வந்தது. கோர்ட்டு அதன் அடிப்படையைச் சரி என்று சொன்னது 2024 ஆகஸ்டில்.

கடைசியில் என்ன செய்தார்கள்

முதல் வாரம் கோர்ட், ஸ்டேஷன் எதுவும் இல்லை. ‘அ’ பதிவேட்டு நகல், புல வரைபட நகல். சாலை அரசுப் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் தெருவிலிருந்து முப்பது பேர் போய் மனுக் கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்கினார்கள். அதே மனு எஸ்.பி.க்கும் டி.எஸ்.பி.க்கும் ஒப்புகை அட்டையோடு தபாலில் போனது. ரிட்டுக்கு வேண்டிய ‘முன்னதாகக் கொடுத்த மனு’ இதுதான். முன்சீப் கோர்ட்டில் கேவியட் போட்டாகிவிட்டது. வன்கொடுமைச் சட்டப் புகாரை எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் நேரில் மறித்த நாளில், மறித்தவர் பெயரோடு கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. பொதுவாக ‘ஊர்க்காரர்கள்’ என்று கொடுத்த புகார் நின்றதில்லை. ரிட் மனுவும் டைப் செய்து, தேதியும் இறந்தவர் பெயரும் மட்டும் காலியாக விட்டு, வக்காலத்தில் கையெழுத்தோடு தயாராக இருக்கிறது. வக்கீலுக்குக் காசு தர வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி மையத்தில் வக்கீல் கிடைப்பார். 15100-க்கு போன் செய்தாலே போதும்.

பொதுநல வழக்கு ஆசை வைத்திருந்த தம்பி கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார். பக்கத்து ஊர்களில் இதே மாதிரி எத்தனை பாதைகள் என்று சர்வே எண்ணோடு பட்டியல் எடுத்து வை, இந்த ஒன்றில் உத்தரவு கிடைத்தால் அதை வைத்து அடுத்ததைக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் தெருவில் தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவர் சில மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். இவ்வளவு அவசரத்துக்கும் அவர்தான் காரணம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனுவில் கைநாட்டு வாங்கப் போனபோது விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “ரோட்டு வழியாவா?” என்று இரண்டு முறை கேட்டாராம். அப்புறம், “ஆர்டரு வரட்டும்ப்பா. அதுவரைக்கும் நான் இருக்கேன்” என்றாராம்.